பேத்தமங்கலம் ஏரியும் கோலார் தங்கவயலும்: நீர்வழி ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் பொன்னின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவ்வளவு ஆழத்திற்குச் சுரங்கம் தோண்டப்பட்டது, எத்தனை டன் தங்கம் எடுக்கப்பட்டது, எந்த ஆண்டில் எந்தக் குழுமம் வந்தது என்பனவே அவ்வரலாற்றின் சட்டகமாக அமைந்துள்ளன. தொழிலாளர் இயக்கம், தமிழ்ப் பௌத்தம், சாதியெதிர்ப்பு ஆகியவற்றை மையமாகக் கொண்ட ஆய்வுகள் பின்னர்த் தோன்றி அச்சட்டகத்தை ஓரளவு விரிவாக்கின. ஆயினும், ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஒரு மேட்டு நிலத்தில் பல்லாயிரவர் ஒரு நூற்றாண்டு எந்நீரை உண்டு வாழ்ந்தனர் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அந்நீரின் பெரும்பகுதி தங்கவயலுக்கு வடகிழக்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், பாலாற்றை மறித்துக் கட்டப்பட்ட பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது.

இவ்வேரி ஆங்கிலேயர் வெட்டியதன்று. அது தங்கவயலைவிட ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு மூத்தது. இடையிடையே உடைந்தும் அது நிலைத்து நின்றமைக்குக் கரையின் வலிமை மட்டும் காரணமன்று. உடைந்தபோது அதனைச் செப்பனிடும் பொறுப்புடையார் ஒருவர் இருந்தமையே முதன்மைக் காரணமாகும். அப்பொறுப்பு காலந்தோறும் கைமாறிய வரலாற்றையும், பின்னர் அது எவர் கையிலும் இல்லாமற்போனதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

வாணர் நாடும் விசயாதித்த மங்கலமும்

பேத்தமங்கலத்தின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம் என்பதாகும். வாண மன்னன் விசயாதித்தனின் பெயரால் அமைந்த ஊர் இது. மாவலி மரபினராகத் தம்மைக் கூறிக்கொண்ட வாணர்கள் தமிழ் ஆய்வுலகிற்குப் புதியவரல்லர். பாலாற்றின் துணையாறான பொன்னையாற்றங்கரையிலுள்ள திருவல்லம் அவர்தம் தலைமையிடங்களுள் ஒன்றாக வாணபுரம் எனப் பெயர் பெற்றிருந்தது. மேற்பாலாற்றில் விசயாதித்தமங்கலமும் கீழே திருவல்லமும் ஒரே மரபினரின் ஊர்களாக இருந்தமையைக் காணும்போது, இன்று மூன்று மாநிலங்களாகப் பிரிந்துகிடக்கும் இவ்வாற்றுவெளி அன்று ஒரே அரசியல் நிலப்பரப்பாக விளங்கியமை புலனாகும்.

கோலாரின் பழம்பெயரான குவளாலம் என்பதும் தமிழ் இலக்கண வரலாற்றோடு தொடர்புடையது. பவணந்தி முனிவரைக் கொண்டு நன்னூலைச் செய்வித்த சீயகங்கன், கங்க மரபிற்குரிய குவளாலபுரத் தலைவன் என்னும் பட்டத்தைத் தாங்கியவன். சோழர் ஆட்சியில் இப்பகுதி நிகரிலிச் சோழமண்டலத்துள் அடங்கியது. கோலாரம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அக்காலத்தவை. எனவே, தங்கவயலில் தமிழ் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரயிலேறி வந்த மொழி என்று மட்டும் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பி. எல். ரைசு 1905இல் வெளியிட்ட கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதியின் கோலார் மாவட்ட மடலைப் புரட்டுவோர், கன்னடமும் தமிழும் ஒரே நிலத்தில் அடுத்தடுத்த கற்களில் நிற்பதைக் காண்பர்.

ஏரியைப் பற்றிய செய்திகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. கி.பி. 950ஐ ஒட்டி நுளம்ப மன்னன் திலீபன் என்னும் இரிவநுளம்பன் இவ்வேரியைச் செப்பனிட்டான். மீண்டும் உடைந்துபோன இப்பெரிய ஏரியை 1155இல் போசளத் தளபதி சொக்கிமய்யன் திருத்தினான். முதற்செய்தியே ஏரி கட்டப்பட்டதைக் கூறாமல் செப்பனிடப்பட்டதைக் கூறுகின்றது என்பது நோக்கத்தக்கது. 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயே அது பழுதுபார்க்க வேண்டிய அளவிற்குப் பழைய ஏரியாக இருந்துள்ளது. இவ்விரு திருத்தங்களுக்கும் இடையே இருநூறு ஆண்டு இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் நுளம்பர் ஆட்சி மறைந்து, சோழர் வந்து, 1116இல் தலைக்காடு போசளர் வசமானதைத் தொடர்ந்து அவரும் நீங்கினர். அரசுகள் மாறினும், வென்றவன் தோற்றவனின் ஏரியைத் தன் ஏரியாகக் கொண்டு கரையை உயர்த்தினான். புதிதாக ஏரி வெட்டுவதற்கு இணையான அறமாகப் பழைய ஏரியைத் திருத்துவதும் கல்லில் பொறிக்கப்பட்டது.

குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை பெருக்குமாறு அறிவுரைத்த புறநானூற்றுப் பாடலைத் தமிழாய்வாளர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அப்பாடல் அரசன் செய்யவேண்டிய ஆக்கத்தைச் சொல்கின்றது. ஆக்கியதைக் காப்பது எவ்வாறு என்பதற்குக் கல்வெட்டுகளையே நாட வேண்டும். உத்தரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையை வியந்து எழுதியவர் பலர். அம்முறையால் தெரிந்தெடுக்கப்பட்டோருள் ஒரு பிரிவினர் ஏரிக்காகவே அமர்த்தப்பட்டனர் என்பதை அழுத்திச் சொன்னவர் சிலரே.

நீர்கட்டி

மன்னனும் தளபதியும் இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை செய்ததைக் கல்வெட்டு சொல்லும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏரியைக் காத்தவரைக் கல்வெட்டு சொல்லாது. கோலார் மாவட்டத்தில் மதகைத் திறந்து மூடி, வாய்க்கால் நீரை வயல்தோறும் பங்கிட்டு, கரையில் எலிவளையும் ஊற்றும் கண்டால் அடைப்பவர் நீருகண்டி எனப்பட்டார். தமிழகத்தில் இப்பணியினர் நீர்க்கட்டி, மடைக்காரர், நீர்பாய்ச்சி எனப் பல பெயர்களால் அழைக்கப்பட்டனர். கன்னடச் சொல்லும் நீர்க்கட்டி என்னும் தமிழ்ச் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கியிருத்தல் காணத்தக்கது. தமிழில் தூம்பு என்பது கன்னடத்தில் தூபு என்றே வழங்குகின்றது. ஏரியைக் கன்னடர் கெரெ என்பர். மிகைநீர் வழியும் கலிங்கைக் கோடி என்பர். கோடி என்னும் சொல்லும் தமிழுக்குப் புறம்பானதன்று. நிலவியலும் தொழிலும் ஒன்றாக இருந்தமையால் கலைச்சொற்களும் எல்லையைப் பொருட்படுத்தவில்லை.

நீருகண்டிகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊதியமாக ஊர் மானிய நிலமும் அறுவடைக் களத்தில் ஒரு பங்கு தவசமும் பெற்றனர். தாம் காத்த நீரைத் தாம் உண்ணும் உரிமையில் அவர்களுக்கு இருந்த தடைகளை மறந்துவிட்டு இம்முறையைப் பொற்காலமெனப் புகழ்வது நேர்மையாகாது. எனினும், ஏரிக்கு ஒரு முழுநேரக் காவலர் இருந்தார் என்னும் உண்மையும் மறுக்கத்தக்கதன்று. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிக் கர்நாடகத்தில் பரம்பரைக் கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறப்பால் வரும் பணியை ஒழித்தது சரியே. ஆனால் அப்பணிக்கு மாற்றாக ஊதியம் பெறும் ஏரிக்காவலர் ஊர்தோறும் அமர்த்தப்படவில்லை.

வயலுக்கு வந்த நீர்

1873இல் மைக்கேல் பிட்சரால்டு லாவெல் சுரங்க உரிமை கோரி மைசூர் அரசுக்கு விண்ணப்பித்தார். 1880இல் ஜான் டெய்லர் குழுமம் நுழைந்தது. 1880களின் இடையில் சாம்பியன் பொன்னடுக்கு கண்டறியப்பட்ட பின்னர் மக்கட்பெருக்கம் கட்டுக்கடங்காததாயிற்று. 1891இல் 7,085ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 38,204ஆக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் ஐந்து மடங்கிற்கு மேற்பட்ட இவ்வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க அங்கிருந்த கிணறுகளாலும் குட்டைகளாலும் இயலவில்லை. மூங்கில் தட்டியால் அமைந்த ஓரறைக் குடிசைகள் நெருக்கமாக நின்ற லைன்களில் வாந்திபேதியும், பின்னர்க் கொள்ளைநோயும் அச்சத்தை விளைவித்தன. நெருக்கடியைக் குறைக்கவே ஆங்கில ரெசிடெண்டின் பெயரால் இராபர்ட்சன்பேட்டை அமைக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேத்தமங்கலம் ஏரிநீரை வடிகட்டி, பொறிவிசையால் மேட்டிற்கு ஏற்றி, குழாய்வழியே தங்கவயலுக்குக் கொணரும் நீரேற்று நிலையம் செயற்படத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கி.மீ. தொலைவு மின்கம்பி இழுக்கப்பட்டதை ஆசியாவின் அருஞ்செயல்களுள் ஒன்றாகப் பலரும் எழுதியுள்ளனர். ஏரியிலிருந்து வந்த குழாயைப் பற்றி அவ்வளவு பெருமிதத்துடன் எழுதியவர் இலர். மின்சாரம் பொன்னை வெளிக்கொணர்ந்தது. குழாய்நீர் தொழிலாளரை உயிரோடு வைத்தது.

அந்நீர் ஒரே அளவாகப் பங்கிடப்படவில்லை. ஐரோப்பிய அதிகாரிகளின் பங்களாக்களுக்குத் தோட்டமும் மன்றத்திற்குக் கோல்ஃப் திடலும் இருந்தன. குட்டி இங்கிலாந்து என்று அப்பகுதி புகழப்பட்டது. ஆண்டு மழை சுமார் 750 மி.மீ. அளவே உள்ள நிலத்தில் இங்கிலாந்தை வளர்க்க எவ்வளவு நீர் தேவை என்பதை அப்புகழுரைகள் கணக்கிடுவதில்லை. தொழிலாளர் லைன்களில் பலருக்கு ஒன்றாகப் பொதுக்குழாய் இருந்தது. குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பது பெண்களின் அன்றாடக் கடமையாயிற்று. சுரங்க வேலை மணியடித்து மூன்று முறைகளாக நடந்தது; குழாயடி வேலைக்கு அத்தகைய வரையறை இல்லை.

இங்கு மற்றொரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தங்கவயலுக்கு வந்தோர் பெரும்பாலோர் தம் ஊரில் பொதுக்கிணறும் குளமும் மறுக்கப்பட்டவர். லைன்களிலும் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. எனினும் குழாயடி ஊர்க்கிணற்றைப்போல் ஒரு சாதியின் பரம்பரை உடைமையன்று. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்கு மாரிக்குப்பத்தில் கிளை தோன்றி வேரூன்றியமைக்குக் கூலியும் பள்ளியும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இழிவின்றி நீர் முகக்கும் வாய்ப்பையும் அக்காரணங்களோடு சேர்த்து எண்ணுதல் தகும். 1927இல் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை முகந்து போராட்டம் நடத்திய அம்பேத்கர், 1954இல் தங்கவயலுக்கு வந்தபோது அவரை வரவேற்றோர் அக்குளத்தின் பொருளை விளக்கம் இன்றியே உணர்ந்திருப்பர்.

கீழ்ப்பாலாறும் மேற்பாலாறும்

தொழிலாளர் வந்த வழியை ஆற்றுவழியோடு ஒப்பிட்டால் ஒரு முரண் தோன்றும். நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு 348 கி.மீ. ஓடி வயலூருக்கு அருகில் கடலோடு கலக்கின்றது. இதில் கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழகத்தில் 222 கி.மீ. அமைந்துள்ளன. தங்கவயல் தொழிலாளருள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து சென்றவர். 1911 வரை சித்தூரும் அம்மாவட்டத்துள் அடங்கியிருந்தது. அஃதாவது, பாலாற்றின் கீழ்ப்பகுதியில் வறட்சியாலும் பஞ்சத்தாலும் வாழ்விழந்தோர் அதே ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்று, அங்குத் தேக்கிவைக்கப்பட்ட நீரைக் குடித்து உழைத்தனர். ஊரில் அவர்தம் உறவினர் மணலில் ஊற்றுத் தோண்டி அதே ஆற்றின் கசிவை எதிர்நோக்கியிருந்தனர்.

மேலே தேக்கினால் கீழே குறையும் என்னும் அச்சம் அரசுகளிடையேயும் எழுந்தது. 1892 பிப்ரவரி 18ஆம் நாள் சென்னை, மைசூர் அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காவிரியோடு மட்டும் தொடர்புபடுத்துவது வழக்கமாகிவிட்டது. அதன் பட்டியலில் இடம்பெற்ற 15 ஆறுகளுள் பாலாறும் ஒன்று. சென்னை அரசின் முன் இசைவின்றி அவ்வாறுகளில் புதிய பாசனத் தேக்கங்கள் கட்டலாகாது என்பது அதன் அடிப்படை. பேத்தமங்கலம் போன்ற பழைய ஏரிகளின் அருமை இதனால் மேலும் கூடியது. புதியது கட்டக் கட்டுப்பாடு உள்ள ஆற்றில் பழையதே செல்வமாகும்.

மேலே கரை உடைந்தால் கீழே என்ன நேரும் என்பதை 1903 நவம்பர் காட்டியது. மைசூர்ப் பகுதியில் பெருமழையால் ஏரிகள் உடைத்துக்கொள்ள, பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியை அழித்துப் பெரும் உயிர்ச்சேதத்தை விளைவித்தது. மேலூர் ஏரியின் பராமரிப்பு கீழூர் மக்களின் உயிர்க்காப்பும் ஆகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

வறட்சி

கைமாற்றத்தின் நுட்பமான கேடு இங்கேதான் தொடங்குகின்றது. வேளாண்மைக்குரிய ஏரிக்குக் கரை, மதகு, கலிங்கு, வரத்துக்கால், நீர்ப்பிடிப்பு ஆகிய எல்லாமே உறுப்புகள். குடிநீர் நிலையத்திற்கோ பொறியும் வடிகலனும் குழாயுமே உறுப்புகள். ஏரி ஒரு கொள்கலனாகக் கருதப்பட்டது; அதற்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்பது நிலையத்தாரின் கவலையாக இல்லை. நீருகண்டி நீங்கினார்; அவரிடத்தில் வந்த பொறியாளரின் பொறுப்பு குழாயின் வாயில் தொடங்கியது. ஆற்றில் வரும் நீர் குறைந்தபோது அதனைத் தம் குறையாகக் கொள்ளத்தக்க பதவி எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

நீர்ப்பிடிப்பில் நிகழ்ந்த மாற்றங்கள் பல. சமூகக் காடு வளர்ப்பின் பெயரால் கோலார் மாவட்டத்தில் தைலமரம் பெருமளவில் நடப்பட்டது. கர்நாடக அரசு புதிதாக அதனை நடுவதற்குத் தடைவிதித்தது 2017இல்தான். ஏரிப்பாசனம் தளர்ந்ததும் உழவர் ஆழ்துளைக் கிணற்றை நாடினர். நிலத்தடி நீர்மட்டம் 1,000 அடிக்குக் கீழும் சென்றது. மேலெழுந்த நீரில் புளோரைடு மிகுந்தது. ஆற்றுமணல் அள்ளப்பட்டதால் மணலில் தங்கி மெல்ல நகரும் நீரோட்டமும் நின்றது. தைலமரத்தை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால் ஏரியின் மேல் நம்பிக்கை இழந்து ஒவ்வொருவரும் தத்தம் நிலத்தில் துளையிட்டமையே அதனினும் பெரிய காரணமாகத் தோன்றுகின்றது. துளைகள் பெருகப் பெருக ஏரிக்கு வரவேண்டிய கசிவு குறைந்தது. ஏரி குறையக் குறையத் துளைகள் பெருகின.

சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசின் உடைமையாயின. 1962இல் நடுவணரசுக்கு மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பணி நிறுத்தப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டமையால் ஏரி வற்றியது என்று கூறுதல் பொருந்தாது. ஏரியின் தளர்ச்சி அதற்கு முன்பே தொடங்கியது. ஆயினும் இரண்டும் ஒரே தலைமுறையைத் தாக்கின. ஊதியம் இருந்த காலத்தில் நீர்த்தட்டுப்பாடு துன்பமாக இருந்தது. ஊதியம் நின்றபின் நீரை விலைகொடுத்து வாங்குவது குடும்பத்தின் முதற்செலவாயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1.6 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பி நின்றது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை இரயிலில் பெங்களூருக்குக் கூலி தேடிச் செல்வோர், குழாயில் நீர் வரும் நாளை விடுப்பு நாளாக ஆக்கிக்கொள்ள இயலாது.

இக்காலத்தில் மற்றொரு நிகழ்வும் நேர்ந்தது. நீரிறைக்கும் பொறிகள் நின்றதும் சுரங்கங்களுள் ஊற்றுநீர் ஏறத் தொடங்கியது. 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்வரை மனிதர் இறங்கிய சுரங்கங்கள் மெல்ல நீரில் மூழ்கின. நீருக்காகக் கட்டப்பட்ட ஏரி வறண்டு கிடக்க, பொன்னுக்காகத் தோண்டப்பட்ட குழி நீர்நிலையாயிற்று. நகரைச் சுற்றி மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சயனைடு கலந்த கழிவுமண் மலைகளாகக் குவிந்துள்ளது. கோடைக்காற்றில் அதன் துகள் குடிநீர்க் குடத்திலும் படிகின்றது.

2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைத் தூய்மைசெய்து கோலார் மாவட்டத்தின் ஏரிகளை நிரப்பும் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம் செயற்பட்டு வருகின்றது. நிலத்தடி நீர் உயர்ந்துள்ளது என்று வரவேற்போரும், இரண்டு படித் தூய்மை போதாது என்று எதிர்ப்போரும் உளர். எதிர்ப்போரின் ஐயம் புறந்தள்ளத்தக்கதன்று; ஏரியின் அடிமண்ணில் ஒருமுறை படிந்ததை மழைநீர் எளிதில் நீக்காது.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் பேத்தமங்கலம் ஏரி நிரம்பியது. நெடுநாள் வறண்டு கிடந்த ஏரியின் கோடியில் நீர் வழிவதைக் காணத் தங்கவயல் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். வழிந்த நீர் இராமசாகர ஏரியை அடைந்து, ஆந்திர எல்லையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே பாலாற்றில் பெருவெள்ளமாக இறங்கியது. வெட்டிய கால்வாய் எதுவும் இன்றி, கல்வெட்டுக் காலத்தில் ஓடிய அதே வழியில் அது ஓடியது.